உப்பும் வைரமும்



மயிலைக் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தில் நீர் தெளிந்திருக்கும் நாளில் படிக்கட்டில் நின்று நேர்கீழே நோக்கினால், நான்கு அடி ஆழத்தில் உள்ள படி மூன்று அடி ஆழத்தில் இருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். வெற்றிடத்தில் ஒளி செல்லும் வேகத்தை, நீருக்குள் அது செல்லும் வேகத்தால் வகுத்தால் 1.33 என்னும் எண் கிடைக்கிறது. இதனையே ஒளிவிலகல் எண் என்கிறோம். நான்கை இவ்வெண்ணால் வகுத்தால் மூன்று. கண்ணாடிக்கு 1.5, வைரத்துக்கு 2.42 என்று மாணவர்கள் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால், அந்த எண் அந்தப் பொருளுக்கு எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்பானாயின், விடை சொல்வதற்கு ஆசிரியர் ஒளியியல் பாடத்தை மூடிவிட்டு மின்சாரப் பாடத்தைத் திறக்க வேண்டும். அந்த விடையைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இரண்டு உலோகத் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி மின்னூட்டினால் அவை ஓரளவு மின்னூட்டத்தைத் தாங்கும். அவற்றின் இடையே ஒரு பொருளை நிரப்பினால் முன்னிலும் மிகுதியாகத் தாங்கும். எத்தனை மடங்கு மிகுதி என்பதே அப்பொருளின் ஒப்புமை விடுதிறன். அதுபோலவே, கம்பிச்சுருளின் நடுவே ஒரு பொருளை வைக்கும்போது காந்தப் புலம் எத்தனை மடங்கு ஆகிறது என்பது அதன் ஒப்புமை உட்புகுதிறன். இவ்விரு அளவுகளிலும் ஒளியின் சாயல்கூட இல்லை. இருட்டறையிலும் இவற்றை அளந்துவிடலாம்.

1865-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர், மின்புலமும் காந்தப் புலமும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டு அலையாய்ச் செல்லும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அந்த அலையின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீட்டர் என்று வந்தது. அது ஒளியின் வேகமே! ஆகவே ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்று துணிந்தார். அதிலிருந்து ஒரு விதியும் தானே பிறந்தது: ஒரு பொருளின் விடுதிறனையும் உட்புகுதிறனையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், அதுவே அப்பொருளின் ஒளிவிலகல் எண்.

விதி அழகியதுதான், ஆனால் அளவுகோலுக்கு ஒத்துவருகிறதா? காற்றின் விடுதிறன் 1.00059. அதன் வர்க்கமூலம் 1.00029. ஒளியைக்கொண்டு அளந்த எண்ணும் அதுவே. 1873-இல் வெளியான தம் நூலில் மாக்ஸ்வெல் பாரஃபின் மெழுகை எடுத்துக்கொண்டார். மின்னளவின் வழியே வந்தது 1.405, ஒளியின் வழியே வந்தது 1.422. நெருக்கம் உண்டு, முழுப் பொருத்தம் இல்லை. பொருள்களின் உள்ளமைப்பை நாம் இன்னும் நன்கு அறிந்தாக வேண்டும் என்பதையே அந்த வேறுபாடு காட்டுகிறது என்று அவர் கருதினார். 

நீருக்கு வந்தாலோ விதி தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டதுபோல் தோன்றும். நீரின் விடுதிறன் 80. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 9. ஒளிக்கும் நீர் 9 என்றிருந்தால், தெப்பக்குளத்தில் நான்கு அடி ஆழத்துப் படி ஐந்தே அங்குலத்தில் கிடப்பதாகத் தெரியும். அதுவும் தெரிந்தால்தானே! நேர்மேலிருந்து விழும் ஒளியில் நூற்றுக்கு 64 பங்கு நீரின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். இப்போது திரும்புவது 2 பங்குதான். குளம் நிலைக்கண்ணாடியாகவே ஆகிவிடும்.

இன்னும் வியப்பான ஓர் இணை உண்டு. நம் அடுக்களையில் உள்ள உப்பின் விடுதிறன் 5.9. தியாகராய நகர் நகைக்கடைகளில் ஏழுகல் தோட்டில் மின்னும் வைரத்தின் விடுதிறன் 5.7. மின்னளவை மட்டும் நம்பினால் உப்புக்கு 2.43, வைரத்துக்கு 2.39. அதாவது வைரத்தைவிடக் கல்லுப்பே மிகுதியாக ஒளிவீச வேண்டும்! ஒளியைக்கொண்டு அளந்தால் வைரத்துக்கு 2.42 வருகிறது, கணக்கு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. உப்புக்கோ 1.54 மட்டுமே. வைரம் விதிக்கு அடங்கி நிற்க, உப்பும் நீரும் ஏன் மீறுகின்றன?

விடை காலத்தில் இருக்கிறது. மஞ்சள் ஒளியின் மின்புலம் விநாடிக்கு ஏறக்குறைய 500 இலட்சம் கோடி முறை அதிர்கிறது. இந்தத் தாளத்துக்கு ஈடுகொடுக்க வல்லவை பொருளிலுள்ள எலக்ட்ரான்கள் மட்டுமே. வைரத்தில் இருப்பது கரியணுக்களே. மின்புலத்துக்கு அசைந்து கொடுப்பவை அவற்றின் எலக்ட்ரான்களே. ஆகவே மெதுவான மின்னளவிலும் விரைவான ஒளியிலும் அதன் எண் பெரிதும் மாறுவதில்லை. உப்பில் எலக்ட்ரான்களோடு சோடியம், குளோரின் அயனிகளும் மின்புலத்துக்கு இசைந்து நகர்கின்றன. கனத்த உடம்புடைய அவை விநாடிக்கு 5 இலட்சம் கோடி அதிர்வு என்ற அளவோடு நின்றுவிடும். ஒளி அதனினும் நூறு மடங்கு விரைவுடையது. நீரிலோ மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒருபுறம் நேர்மின்னும் மறுபுறம் எதிர்மின்னும் கொண்ட இருமுனை. மின்புலம் மாறும்தோறும் அது முழுவதுமாகத் திரும்ப முயல்கிறது. 1912-இல் பீட்டர் டிபை விளக்கிய கருத்து இது. விநாடிக்கு 2,000 கோடி அதிர்வை நெருங்கும்போதே அது தடுமாறத் தொடங்கும். கோயில் தேர், காற்றாடியின் வேகத்தில் திரும்ப முடியுமா?

ஆகவே விதியும் பிழையன்று, அளவும் பிழையன்று. எந்த அதிர்வெண்ணில் ஒளிவிலகல் எண் வேண்டுமோ, அதே அதிர்வெண்ணில் விடுதிறனையும் அளந்திட வேண்டும். இதனை நம் நாட்டவரும் நன்கு கண்டனர். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1890-களில் மின்னலைகளைக்கொண்டு கந்தகம், கண்ணாடி ஆகியவற்றின் விலகல் எண்ணை அளந்தார். கண்ணாடிக்கு அவ்வெண் ஒளிக்கு உள்ளதைவிடப் பெரிதாக வந்தது. நம் கடற்கரையில் உள்ள மாநிலக் கல்லூரியில் பயின்று 1907-இல் எம்.ஏ. பட்டம் பெற்ற சி. வி. இராமனும், தமிழகத்தவரான கே. எஸ். கிருஷ்ணனும் 1920-களின் பிற்பகுதியில் திரவங்களின் ஒளிப்பண்பையும் மின்பண்பையும் ஒருங்கே விளக்கும் கொள்கை ஒன்றை வகுத்தனர். இராமன் பின்னாளில் வைரங்களைச் சேர்த்து அவற்றை நெடுங்காலம் ஆராய்ந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

காந்தப் பண்பு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். நீர், கண்ணாடி, வைரம் முதலியவற்றின் உட்புகுதிறன் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றால் பெருக்கினால் மாற்றம் இல்லை. ஆயிரக்கணக்கில் உட்புகுதிறன் காட்டும் இரும்பும் ஒளியின் விரைவுக்கு முன் சோர்ந்து ஒன்றிலேயே நிற்கும். 1967-இல் வெசெலாகோ என்னும் ரஷ்ய அறிஞர், இரு பண்புகளும் எதிர்க்குறி பெற்றால் விலகல் எண்ணும் எதிர்க்குறி பெறும் என்று கூறினார். செம்பு வளையங்களையும் கம்பிகளையும் ஒழுங்காக அடுக்கி, நுண்ணலைகளில் அதனை 2001-இல் செய்தும் காட்டினர்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணிவிட வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்ததைக் கண்ட நம் நகரத்தார்க்கு, வடகிழக்குப் பருவமழை நாளில் ராடார் படம் எத்துணை முக்கியம் என்று சொல்ல வேண்டுவதில்லை. சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின்மேல் 2002-இல் நிறுவப்பெற்ற வானிலை ராடார் பயன்படுத்துவது 10 சென்டிமீட்டர் அலை. விநாடிக்கு 300 கோடி அதிர்வு. அந்தத் தாளத்துக்கு நீர் மூலக்கூறு ஈடுகொடுத்துத் திரும்பும். ஆகவே ராடாருக்கு மழைத்துளியின் விலகல் எண் ஏறக்குறைய 9. துளி அலையை வலுவாகத் திருப்பியனுப்புகிறது. அட்டவணையில் உள்ள 1.33-ஐ இங்கே இட்டால், துளி அனுப்பும் எதிரொலி உண்மையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கணக்கில் வரும். மழையின் அளவைக் கூறும் கணக்கே தவறிப்போகும். நம் வானில் ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு மேலே நீர் உறைந்து பனிக்கட்டியாகிறது. அங்கே மூலக்கூறுகள் கட்டுண்டு கிடப்பதால், அதே அளவுத் துகளின் எதிரொலி ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நீர் அதே நீர்தான். திரும்பும் உரிமைதான் போயிற்று.

எனவே, ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நீரின் ஒளிவிலகல் எண் யாது என்று மாணவனைக் கேட்டு, 1.33 என்ற விடையோடு நிறைவடைந்துவிடாதீர்கள். எந்த அலைக்கு என்று அவன் திருப்பிக் கேட்கும்படி அவனைப் பழக்குங்கள். அப்படிக் கேட்பவனுக்கு அட்டவணை மறந்தாலும் குற்றமில்லை. பொருளின் உள்ளே நடப்பது அவனுக்கு விளங்கிவிட்டது.