நடை மட்டும் போதுமா?
சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது

நான் டாக்டர் இல்லை. வங்கியில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன். எனவே கணக்கோடு பேசுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை. ஓட்டம்போலக் கடுமையாகச் செய்பவர்களுக்கு 75 முதல் 150 நிமிடம் போதும். மிதமானது என்றால், பேச முடியும், பாட முடியாது. நாம் காலையில் அரசியல் பேசிக்கொண்டே பிளாக்கைச் சுற்றுகிறோமே, அதில் பலர் கச்சேரியே செய்யலாம்! கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். ஒரேயடியாக அரை மணி நேரம் முடியாதவர்கள் ஐந்து, பத்து நிமிடமாகச் சேர்க்கலாம், சிறுசேமிப்பு மாதிரி.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அதே வழிகாட்டுதலில், வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் இருக்கிறது. இது ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாளாவது, வலுவோடு சமநிலைக்கான பயிற்சியும் வேண்டும். காரணம், கீழே விழுவது. இந்த வயதில் பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால், பலரால் பழையபடி நடமாட முடிவதில்லை. வெறும் நடை அதைத் தடுக்கப் போதாது.

இன்றே வீட்டில் செய்து பாருங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காருங்கள். கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் தொடையில் வலு குறைந்திருக்கலாம். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி. பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

முழங்கால் தேய்மானம் என்று சொல்லி முழுக்க உட்கார்ந்துவிடாதீர்கள். தொடைத் தசை வலுவானால் வலி குறைய வாய்ப்புண்டு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பளு தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு நடக்க வேண்டாம். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வீடு திரும்பியதும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் உடனே நிறுத்தி உதவிக்குக் கூப்பிடுங்கள். வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

சமுதாயக் கூடத்தை வாரம் மூன்று மாலை, அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். வழுக்காத கனமான நாற்காலி இருபது வேண்டும். விருப்பமுள்ளவர்கள் செக்யூரிட்டி மேஜையில் உள்ள நோட்டில் பெயரும் பிளாட் எண்ணும் எழுதுங்கள்.