சரிவும் அதன் முன்குறிகளும்



பனிமலை நாடுகளில் இளவேனில் தொடங்கியதும் மலையேறுவோர் ஓர் ஆய்வு செய்வர். பனியிற் குழி தோண்டி, படிந்துள்ள அடுக்குகளுள் வலுவற்றது எதுவென்று பார்ப்பர். உருகிய நீர் அவ்வடுக்கை நனைத்தால் மேலுள்ள பனி வழுக்கி இறங்கும். நம் பேராக்கில் பனியில்லை; மலையுண்டு, மழையுண்டு. சரிவின் இலக்கணம் ஈரிடத்தும் ஒன்றே: பாரம் மிகும், நீர் புகும், பிடிப்புத் தளரும்.

1973 அக்டோபர் 18ஆம் நாள், ஈப்போ குனோங் சீரோவில் சுண்ணாம்புக் குன்றின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்ததில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். தைப்பூசத்திற்கு நாம் காவடியோடு செல்லும் கல்லுமலைக் கோயில் அக்குன்றின் அடியில்தான் இருக்கிறது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து வெடிப்புகளை அகலமாக்கும்; பாறை ஒருநாள் குன்றினின்று பிரியும். 1996 ஆகஸ்டு 29ஆம் நாள், கம்பாரை அடுத்த போஸ் டிப்பாங் பூர்வகுடியினர் சிற்றூரில் சேறும் கல்லும் மரமும் கலந்து பாய்ந்த வெள்ளம் 44 உயிர்களைக் கொண்டது.

முன்குறிகள் சிலவற்றை நாம் கற்றுக்கொள்ளலாம். பழைய சாம்பல்நிறப் பாறைமுகத்தில் புதிதாய் வெளுத்த வடு தெரிந்தாலோ, அடிவாரத்தில் புதுக்கற்கள் கிடந்தாலோ, அங்கே நிற்றலாகாது. மண்மேட்டின் உச்சியில் பிறைபோல் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவையும் எச்சரிக்கைகளே. பெருமழையில் ஓடை பெருகாமல் வற்றுமாயின், மேலே அடைப்பு நேர்ந்திருக்கலாம். கரையை விட்டு உடனே மேட்டிற்கு ஏறவேண்டும்.

நம் முன்னோர் உழைத்த ரப்பர்த் தோட்டங்களில் சரிவுகளைப் படிகளாக வெட்டினர், மண்ணைக் காக்க மூடுபயிர் வளர்த்தனர், வடிகால் தோண்டினர். தோட்டங்கள் குடியிருப்புகளாயின. வடிகால் தூர்ந்தால் நீர் மண்ணுக்குள் இறங்கும். அதன் கணக்கை மலை மறவாது.

ஆசிரியர்களே, மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை மாணவர்களைப் பள்ளியருகிலுள்ள மேட்டிற்குப் பாதுகாப்பான தொலைவில் அழைத்துச் சென்று, கண்டதை நாளிட்டு எழுதச் செய்யுங்கள். அடுத்த ஆண்டு மாணவர் அதனோடு ஒப்பிடட்டும். மாற்றம் கண்டால் ஊராட்சிக்குத் தெரிவிக்கட்டும். குன்றின் நிழலில் வாழும் நாம் குன்றைப் படிக்கவும் கடமைப்பட்டுள்ளோம்.