வெட்டுக்கிளித் தடுப்பு அரசுகளின் கூட்டுப் பொறுப்பு

(திருவனந்தபுரத்தில் கட்சி ஊழியர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்களைப் பலிகொண்டதை இந்நகரம் மறக்கவில்லை. அதே அரபிக்கடலில் 2018 மே மாதம் மேகுனு, அக்டோபரில் லுபான் என இரு புயல்கள் எழுந்து அரேபியப் பாலைவனத்தின் நடுவே பெருமழை பொழிந்தன. ஈரமணலில் வெட்டுக்கிளிகள் முட்டையிட்டன. மூன்று தலைமுறைகள் பெருகும்வரை எவரும் கவனிக்கவில்லை. அருகே ஏமனில் போர். அங்கே தடுப்புப் பணி சீர்குலைந்து கிடந்தது. 2019 டிசம்பரில் குஜராத்தின் பனாஸ்கந்தா தாக்குண்டது. 2020 மே மாதம் ஜெய்ப்பூர் நகருக்குள்ளேயே கூட்டம் நுழைந்தது.

ஒரு சதுர கிலோமீட்டர்க் கூட்டம் ஒரே நாளில் 35,000 பேரின் உணவளவைத் தின்று தீர்க்கும். தட்டைத் தட்டி விரட்டுவது பக்கத்து விவசாயியின் வயலுக்கு அனுப்புவதேயாகும். சிறகு முளைக்காத குஞ்சுப் பருவத்தில் மணலிலேயே கண்டறிந்து அழிப்பதுதான் வழி. அதைத் தவறவிட்டால், இரவில் மரங்களில் அடையும் கூட்டத்தின்மீது விடியற்காலைக்குள் மாலத்தியான் தெளிக்க வேண்டியதாகிறது. அந்நஞ்சைத் தெளிப்பவர் தொழிலாளி. அவருக்குரிய பாதுகாப்பு உடையைப் பற்றிப் பேசுவோர் அரிது. சோமாலியாவில் 2020இல் பூஞ்சையிலிருந்து செய்த உயிர்மருந்தைப் பயன்படுத்தினர்.

இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் இணைந்த வெட்டுக்கிளி ஆணையம் 1964 முதல் உள்ளது. முனாபாவ் எல்லையில் இருநாட்டு வெட்டுக்கிளி அதிகாரிகள் சந்தித்துத் தகவல் பரிமாறும் வழக்கமும் இருந்துவந்துள்ளது. எல்லைப் பூசல் எதுவாயினும் இச்சந்திப்பு தடைபடலாகாது. பயிரிழந்த குத்தகை விவசாயிக்கும் நிவாரணம் வழங்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றிய அரசிடம் வலியுறுத்துவோம்.