தளர்த்திய கயிறு
(சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எஞ்சினியரைப் பேசச் சொன்னால் குதிரையைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். நம்ம திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்கு மாட்டுச் சந்தையோடு குதிரைகளும் விலைக்கு வருவது உங்களுக்குத் தெரியும். சில வருடம் முன்பு அங்கே ஒரு பெண் குதிரை வாங்கினேன். பாலிதீன் பை பறந்தாலே மிரளும். கயிற்றை இழுத்துப் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். "வித்துடுங்க" என்றாள் மனைவி.

அந்தக் காலத்தில் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, ஏறுறதை மறந்துடுங்க. முதல்ல கூட நடங்க."

குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. நெற்றிக்கு நேர் முன்னும், வாலுக்கு நேர் பின்னும் தெரியாது. அதனால் தோள் பக்கமாக, குரல் கொடுத்தபடி போகணும். கயிற்றில் லேசான அழுத்தம். ஒரு அடி வைத்ததும் உடனே தளர்த்தணும். தளர்த்தும் அந்த நொடியில்தான் அது பாடம் படிக்கிறது. நாம் படித்த கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்தான், போங்கள்! பாலிதீன் பையையும் தூரத்தில் காட்டி, அது அமைதியானதும் மறைத்து, நாளுக்கு நாள் நெருங்கினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு விடிகாலை, கயிறே இல்லாமல் என் பின்னால் நடந்து வந்தது. அன்று மனைவியே கொள்ளு வேகவைத்தாள்.

சைட்டில் என் ஜூனியர்களையும் இழுத்தே பிடித்திருந்தேன், தவறுகளை மறைத்தார்கள். இப்போது தளர்த்தப் பழகிவிட்டேன். தவறு நடந்தால் அவர்களே வந்து சொல்கிறார்கள்.