லாபுவில் இறங்காத விமானமும் லயத்தில் எரியாத விளக்கும்

("உள்ளூர் அரசியல்: சிரித்து மறப்பதற்கா, சிந்தித்துப் பார்ப்பதற்கா?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பேச்சரங்கில், நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி அமெரிக்கா, ரஷ்யா என்று உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். அவ்வளவு தூரம் போக எனக்குத் தெரியாது அய்யா. நான் பால்மரக் காட்டில் பிறந்தவள். பெரட்டுக் களத்தில் தொடங்கி மாரியம்மன் கோயிலில் முடிகிறது எங்கள் உலகம். ஆனால் அந்தச் சின்ன உலகத்தில் நடந்த அரசியல் இருக்கிறதே, அதைச் சொன்னால் நகைச்சுவைப் படமே பார்க்க வேண்டியதில்லை. (சிரிப்பு)

சிரம்பான் பக்கத்தில் லாபு என்று ஓர் ஊர். மலாயில் லாபு என்றால் பூசணிக்காய். அந்தப் பூசணிக்காய் ஊருக்கு 2008-ஆம் ஆண்டு முடியும் நேரத்தில் ஒரு செய்தி வந்தது. சைம் டார்பி நிலத்தில், ஏர் ஆசியாவுக்காக ஒரு புதிய விமான நிலையம், 160 கோடி வெள்ளிச் செலவில் வரப்போகிறது என்றார்கள். எங்கள் ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் சித்தப்பா, "இனிமே பினாங்குக்குப் போறதுன்னா பின்வாசல்ல ஏறி உட்கார்ந்தாப் போதும்" என்றார். பாட்டிக்கு வேறு கவலை. "விமானம் இறங்குற சத்தத்துல கோழி முட்டை போடுமாடா?" என்று கேட்டார். (சிரிப்பு)

பாட்டி கோழியைப் பற்றிக் கவலைப்பட்டு முடிப்பதற்குள் திட்டமே பறந்துவிட்டது. 2009 ஜனவரி முடிவதற்குள் அதைக் கைவிட்டார்கள். மலிவு விமானங்களுக்கான நிலையம் சிப்பாங்கிலேயே கட்டப்பட்டு 2014 மே மாதத்தில் திறக்கப்பட்டது. சரி, விமானம் போனால் போகட்டும், ரயில் வருகிறது என்றார்கள். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் அதிவேக ரயில், சிரம்பானுக்கான நிலையம் லாபுவில். சித்தப்பா மறுபடியும் வேட்டியை மடித்துக் கட்டினார். 2021 ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு வாழ்த்தோடு சேர்ந்து அந்தத் திட்டமும் ரத்து என்று செய்தி வந்தது. 2023-இல் மறுபடி அதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது சித்தப்பா வாயே திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நம் முன்னோர் சொன்னார்கள். லாபுவில் இரண்டு முறை இலை போட்டார்கள் அய்யா, சோறும் வரவில்லை, பூசணிக்காயும் வரவில்லை! (பலத்த கைதட்டல்)

அடுத்தது ரந்தாவ். 2018 ஏப்ரல் 28. வேட்புமனுத் தாக்கல் நாள். பி.கே.ஆர். வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராம் மனுவோடு வருகிறார். வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஏன்? தேர்தல் ஆணையத்தின் பாஸ் இல்லையாம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை நிறுத்தி, "அழைப்பிதழ் எங்கே?" என்று கேட்ட கதையாகிவிட்டது. (சிரிப்பு) உள்ளே இருந்த அப்போதைய மந்திரி புசார் டத்தோஸ்ரீ முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டது. வழக்கு நடந்தது. அந்த வெற்றி செல்லாது என்று நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் சொன்னது. 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஏப்ரல் 13-இல் இடைத்தேர்தல், நான்குமுனைப் போட்டி. முடிவு? அதே முகமட் ஹசான் 4,510 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார்.

"அதே ஆள்தானே ஜெயிச்சாரு, இதுக்கா இத்தனை அலைச்சல்?" என்று எதிரணி அண்ணன் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அண்ணே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. முதல் தடவை ரந்தாவ் மக்களை யாருமே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டார்கள். மருமகள் அதே குழம்பைத்தான் வைக்கப் போகிறாள், ஆனாலும் "அத்தை, இன்னிக்கு என்ன வைக்கட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அந்த வீட்டில் மரியாதை இருக்கிறது என்று அர்த்தம். (கைதட்டல்)

போர்ட்டிக்சன் கதை உங்களுக்கே தெரியும். டத்தோஸ்ரீ அன்வார் இப்ராகிம் நாடாளுமன்றம் போவதற்காக, டான்யல் பாலகோபால் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி தம் தொகுதியை விட்டுக்கொடுத்தார். 2018 அக்டோபர் 13-இல் இடைத்தேர்தல். ஏழு பேர் போட்டி. அன்வார் 23,560 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார். பஸ்ஸில் இடம் விட்டுக்கொடுக்கக்கூட நாம் தயங்குகிற காலத்தில் ஒருவர் நாடாளுமன்ற இருக்கையையே விட்டுக்கொடுத்தார். அப்போது எங்கள் பக்கத்துத் தாமான்காரர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். "உங்களுக்கு என்னப்பா, இடைத்தேர்தல் வந்துடுச்சு, இனிமே ரோடு வரும்!" என்று. பிள்ளை வரம் கேட்டுக் கோயிலுக்குப் போவது போல, இடைத்தேர்தல் வரம் கேட்டுப் போகிற ஜனங்கள் நாம். (சிரிப்பு)

இப்போது எங்கள் நகரச் செய்திக்கு வருகிறேன். 2020 ஜனவரி முதல் தேதி சிரம்பான் நகராண்மைக் கழகமும் நீலாய் நகராண்மைக் கழகமும் ஒன்றாயின. அதே மாதத்தில் சிரம்பான் மாநகரம் ஆனது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் மாநகர எல்லைக்குள் செம்பனைக் காடும் இருக்கிறது, ரப்பர் காடும் இருக்கிறது. ராத்திரி தோட்டத்தில் படுத்தவர்கள் காலையில் மாநகரத்தில் எழுந்தார்கள். பாம்பு மட்டும் எப்போதும் போல லயத்துப் பின்பக்கம் வந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. (சிரிப்பு)

சிரித்தீர்கள். சந்தோஷம். இப்போது ஒரு சின்னத் தேர்வு. நான் ஆசிரியை அல்லவா, கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. பிரதமர் பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். (அனைவரும் கை தூக்குகின்றனர்) தமிழ்நாட்டு அரசியல் தெரிந்தவர்கள்? (மேலும் உற்சாகமாகக் கை தூக்குகின்றனர்) உங்கள் வட்டாரத்தின் ஊராட்சி மன்ற உறுப்பினர், அதாவது உங்கள் கவுன்சிலர் பெயர் தெரிந்தவர்கள்? (அமைதி)

ஒரு கை... அய்யா, நீங்கள் கை தூக்கினீர்களா, தலை சொறிந்தீர்களா? (சிரிப்பு)

என் வீட்டுக் கதையைச் சொல்லுகிறேன். எந்தத் தோட்டம், எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நான் இடைநிலைப் பள்ளியில் படித்த காலம். லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்குப் போகிற மண்பாதையில் விளக்கு இல்லை. அம்மா மனு எழுதச் சொன்னார், நான் எழுதினேன். தோட்ட ஆபீசுக்குப் போனோம். "இது ஊர் ரோட்டோடு சேர்ந்த பாதை, கவுன்சிலைக் கேள்" என்றார் கிராணி. கவுண்டருக்குப் போனோம். "இது தனியார் நிலம், முதலாளியைக் கேள்" என்றார்கள். பூப்பந்து ஆட்டம் தெரியுமல்லவா? அதில் இரண்டு பக்கமும் ஆடுகிறவர்களுக்கு வலி இல்லை. அடி வாங்குவது நடுவில் பறக்கிற பந்துதான்.

ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பால் வெட்டப் போன அப்பா, அந்த இருட்டில் பள்ளத்தில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் மரம் வெட்டவில்லை. வேலை போனால் தோட்ட வீடும் போகும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அம்மாவுக்கு வேலை இருந்ததால் வீடு தப்பியது. அவருடைய நிரையையும் சேர்த்து அம்மா வெட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

பொதுத்தேர்தல் வந்தது. விளக்கும் வந்தது. ஒரு கம்பம், ஒரு விளக்கு, நாலு பேர் புகைப்படம். தேர்தல் முடிந்து சில மாதத்தில் பல்பு போனது. புது பல்பை யார் மாட்டுவது? மறுபடியும் பூப்பந்து ஆட்டம். கடைசியில் அப்பாதான் ஊன்றுகோலோடு கீழே நின்று வழி சொல்ல, பக்கத்து வீட்டு அண்ணன் மேலே ஏறி மாட்டினார். பல்பு எங்கள் காசு.

அந்த ஒரு பல்புதான் அய்யா உள்ளூர் அரசியல்.

தோட்ட வீட்டுக்குத் தண்ணீர், மின்சாரம் தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கிற இருட்டை யாரிடம் போய்க் கேட்பது? நாம் வாக்களித்த கவுன்சிலர் என்று ஒருவர் இருந்தால், அவர் சட்டையைப் பிடிக்க வேண்டாம், தோளைத் தட்டியாவது கேட்கலாம். ஆனால் இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தலை 1965-இல், இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நிறுத்திவைத்தார்கள். பிறகு ஓர் அரச ஆணையம் விசாரித்தது. அதன் தலைவர் யார் தெரியுமா? நம் செனட்டர் ஆதி நாகப்பன், ம.இ.கா. தலைவர்களில் ஒருவர். 1968-இல் அந்த ஆணையம் கொடுத்த அறிக்கை, தேர்தல் வேண்டும் என்றே சொன்னது. 1976-இல் வந்த ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அன்றிலிருந்து கவுன்சிலர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. ஒரு மன்றத்துக்கு 24 பேருக்கு மேல் இல்லை.

நம் நெகிரி செம்பிலானின் பெருமையைப் பாருங்கள். மன்னர்கள் உள்ள மற்ற மாநிலங்களில் பட்டம் வாரிசு வழியாக வரும். இங்கே நம் மேன்மை தங்கிய யாங் டி பெர்துவான் பெசாரை, சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு வட்டாரங்களின் உண்டாங்குகள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். அரியணைக்கே கலந்து பேசித் தேர்ந்தெடுக்கிற மரபுள்ள மண் இது. சாக்கடைக்கும் தெருவிளக்கும் பொறுப்பான ஆளைத் தேர்ந்தெடுக்க மட்டும் நமக்கு வாய்ப்பில்லையே என்பதுதான் என் ஆதங்கம். (நீண்ட கைதட்டல்)

தேர்தல் வரும் வரைக்கும் என்ன செய்வது? கவுன்சிலரின் பெயரையாவது தெரிந்துகொள்வோம். நாளைக்குப் பத்திரிகை வாங்கினால் சினிமாப் பக்கத்துக்குத் தாவும் முன்னே உள்ளூர்ச் செய்தியை ஒருமுறை படிப்போம். மனு எழுதினால் நகல் எடுத்து, வாங்கியவரிடம் முத்திரை வாங்கி வைப்போம். நான் எழுதிய முதல் மனுவுக்கு நகல் இல்லை. அதனால் அப்படி ஒரு மனுவே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சிரிப்பதா, சிந்திப்பதா என்று தலைப்பு கேட்கிறது. லாபு விமானத்தைப் பார்த்துச் சிரிப்போம், தப்பில்லை. அது வராததால் யாருக்கும் கால் முறியவில்லை. ஆனால் உங்கள் வீட்டு வாசலில் எரியாத விளக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். நாளைக் காலை நாலரை மணிக்கு அந்த வழியாக யாரோ ஒருவருடைய அப்பா வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது.