சந்தையில் சந்தித்தால் போதுமா?



கிழக்கிலங்கையின் கல்முனைச் சந்தையில் தமிழரும் முஸ்லிம்களும் தினமும் சந்திக்கிறோம். மருதமுனை முஸ்லிம்கள் நெய்த சாரத்தைக் காரைதீவுத் தமிழர் வாங்குகிறார். விலை பேசுகிறோம், பிரிந்துவிடுகிறோம். ஒருவரைப் பற்றி மற்றவருக்குள்ள தப்பெண்ணம் அப்படியே இருக்கிறது.

கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் எழுதினார்: வெறும் சந்திப்புப் போதாது. சமமாக நின்று, ஒரே வேலையைச் சேர்ந்து செய்ய வேண்டும். ஆம், சேர்ந்து செய்ய வேண்டும்.

நமக்குள் பொதுவானவையும் உண்டு. தாய்வழியாகக் குலம் தொடரும் குடிமுறை நம் இரு பகுதியாரிடமும் உண்டு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் கவலையும் இருவருக்கும் உண்டு. விலை பேசும்போது இதெல்லாம் எங்கே வருகிறது? இரு ஊர் இளைஞர்களும் சேர்ந்து ஒரு வடிகானைத் துப்புரவு செய்யட்டும். களைத்து உட்காரும்போது பேச்சு வரும். "உங்கட ராத்தாட (அக்காவின்) வீடு கட்டி முடிஞ்சா?" என்று கேட்பார்கள்.