கொலோம்ப் அரங்கின் படிகள்



பாரிசு மாநகரின் வடமேற்கே, சேன் ஆற்றின் வளைவுக்குள் அமைந்த புறநகர் கொலோம்ப். அங்குள்ள விளையாட்டுத் திடல் 1907இல் தோன்றியது. 1924 ஒலிம்பிக் போட்டிகளின் தலைமை அரங்கும் அதுவே. பின்லாந்தின் பாவோ நூர்மி ஒரே நாளில், ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த இடைவெளியில், இரு தங்கங்களை வென்றது அங்கேதான். உருகுவே அணி சுவிட்சர்லாந்தை 3-0 என வென்று கால்பந்துத் தங்கம் கொண்டதும் அங்கேதான். 1928இல், விமான விபத்தில் இருபத்து மூன்று வயதில் மாண்ட ரக்பி வீரர் ஈவ் தியு மனுவாரின் பெயர் அரங்கிற்குச் சூட்டப்பெற்றது.

1938 உலகக் கோப்பையின் காலிறுதியில், முசோலினியின் இத்தாலி கருஞ்சட்டை அணிந்து அங்கே பிரான்சை வீழ்த்தியது. அது வெறும் சீருடை நிறமன்று, பாசிசத்தின் நிறம். ஒரு வாரம் கழித்து, சூன் 19 அன்று, அதே மண்ணில் அங்கேரியை 4-2 என வென்று கோப்பையையும் ஏந்தியது.

பதினைந்தே மாதங்கள் கடந்தன. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும், செருமனி, ஆசுதிரிய நாட்டு ஆடவரைப் பிரெஞ்சு அரசு அவ்வரங்கில் அடைத்தது. அவர்களுள் பலர் இட்லருக்கு அஞ்சி ஓடிவந்த யூதர்கள், இடதுசாரிகள். பகைவனிடமிருந்து தப்பியவனையே பகைவன் என்று பூட்டி வைத்த விந்தை அது! வெற்றியாளரை வாழ்த்திய படிகளில் கைதிகள் உறங்கினர்.

அவர்களுள் ஒருவர் வால்டர் பெஞ்சமின். பொதலேரின் கவிதைகளைச் செருமானியத்தில் பெயர்த்தவர். 1933 முதல் பாரிசில் அகதியாக வாழ்ந்தவர். ஏறத்தாழ பத்து நாட்கள் அங்கிருந்தபின் நெவேர் அருகிலுள்ள முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். விடுதலை பெற்றபின், 1940இல், வரலாறு பற்றிய தம் புகழ்பெற்ற குறிப்புகளை எழுதினார். வரலாறு வென்றவர் பக்கமே நின்று எழுதப்படுகிறது என்பது அவற்றின் உயிரான எண்ணம். அது கொலோம்பில் முளைத்தது என்று கூறச் சான்றில்லை. ஆயினும் அவ்வரிகளைப் பயில்வோர் அப்படிகளை மறத்தல் அரிது. அவ்வாண்டு செப்டம்பரில், இசுபானிய எல்லையூரான போர்ட்போவில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1972இல் பார்க் தெ பிரான்சு அரங்கம் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டபின் கொலோம்பின் பெருமை மங்கியது. பழைய படிகள் பலவும் இடிபட்டன. எஞ்சிய 1924ஆம் ஆண்டுப் படிவரிசை, 2024 ஒலிம்பிக் வளைகோற்பந்துக்காகச் செப்பனிடப்பட்டது. ஆகத்து 8 அன்று அவ்வளாகத்தில் இந்தியா இசுபெயினை 2-1 என வென்று வெண்கலம் பெற்றது. இலக்குக் காவலர் சிறீஜேசுக்கு அதுவே இறுதி ஆட்டம்.